பஃபலோவில் எது நிற்கிறது, எது விழுகிறது

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் பெயர் கட்டடக்கலை படிக்காதவர்களுக்கும் தெரியும். அவர் வடிவமைத்த முதல் பெரிய அலுவலகக் கட்டடம் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரத்தில் 1906இல் எழுந்தது. 1949இல் நகராட்சி அதை 5,000 டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அடுத்த ஆண்டே இடித்துத் தள்ளினார்கள்.

அதே ஊரில், பஃபலோ ஆற்றங்கரையில், கான்கிரீட் சென்ட்ரல் என்றொரு தானியக் கிடங்கு இருக்கிறது. 1966இல் கைவிடப்பட்டது. உள்ளே இருந்த இரும்பையெல்லாம் எப்போதோ பெயர்த்துப் போய்விட்டார்கள். சுவரெங்கும் கிறுக்கல், தளத்தில் மரம் முளைத்திருக்கிறது. யாரும் அதைக் காப்பாற்றப் பெரிதாகப் போராடவில்லை. அது அசையாமல் நிற்கிறது.

அருமையான கட்டடம் பிழைக்கும், உதவாதது போகும் என்று நாம் இயல்பாக நினைத்துக்கொள்கிறோம். பஃபலோவைப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது. ஒரு கட்டடத்தின் ஆயுளை அங்கே அழகு தீர்மானித்ததைவிட, அதை இடிக்க எவ்வளவு ஆகும், அந்த மனைக்கு என்ன விலை கிடைக்கும், சொந்தக்காரர் யார் என்ற மூன்று கேள்விகள்தான் அதிகம் தீர்மானித்திருக்கின்றன. ஏன் என்று புரிய, அந்த ஊர் எதற்காக உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பஃபலோ உண்டானதற்கு நயாகரா அருவி ஒரு காரணம். சுற்றுலாவைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நடுமேற்கில் விளைந்த கோதுமை சிகாகோ, டுலூத் போன்ற துறைமுகங்களிலிருந்து பேரேரிகளின் வழியே கிழக்கே வரும். ஈரி ஏரியின் கிழக்கு முனையோடு வழி முடிந்துவிடும். அதற்கு அப்பால் அருவி. கப்பல் அருவியில் இறங்க முடியாது. 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாய் இதற்கு மாற்றுவழி கொடுத்தது. பஃபலோவிலிருந்து ஆல்பனி வரை 363 மைல். அங்கிருந்து ஹட்சன் ஆற்றில் நியூயார்க் துறைமுகம். ஆனால் கால்வாயின் ஆழம் தொடக்கத்தில் வெறும் 4 அடி. ஏரிக்கப்பல் அதில் நுழையாது. ஆகவே வந்த தானியம் அத்தனையும் பஃபலோவில் கப்பலிலிருந்து இறங்கி, படகில் மறுபடி ஏற வேண்டும். அந்த இறக்கி ஏற்றும் வேலைதான் ஊருக்குச் சோறு போட்டது.

முதல் பதினாறு, பதினேழு ஆண்டுகளுக்கு இதைச் செய்தது மனித முதுகு. பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளிகள். மழை பெய்தால் வேலை நிற்கும், காற்றடித்தால் நிற்கும், கப்பல்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். 1842இல் ஜோசப் டார்ட் என்ற வணிகர், ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரைக் கொண்டு ஒரு மரக் கிடங்கு கட்டினார். நீராவி எஞ்சினால் சுழலும் நீண்ட பட்டை, அதில் வரிசையாக வாளிகள். அந்தப் பட்டையைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கினால் மணிக்கு ஆயிரம் புஷல் கோதுமையை அள்ளி மேலே கொண்டுபோகும். ஒரு புஷல் கோதுமை ஏறக்குறைய 27 கிலோ. மேலே போன தானியம் எடை போடப்பட்டு, உயரமான குதிர்களில் விழும். வேண்டும்போது அடியில் திறந்துவிட்டால் தானாகவே இறங்கும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும், அதாவது முழுக் கட்டடத்துக்கும், அந்த ஊரில் எலிவேட்டர் என்று பெயர்.

இயந்திரம் வந்ததும் முதுகுகளுக்கு விடுதலை கிடைத்துவிடவில்லை. வாளிப்பட்டை தனக்கு நேர் கீழே கிடப்பதை மட்டுமே அள்ளும். கப்பலின் மூலைமுடுக்கில் ஒதுங்கிய தானியத்தைப் பட்டையருகே தள்ளிக் கொடுக்க ஆள் வேண்டும். ஸ்கூப்பர்கள் என்று அழைக்கப்பட்ட இவர்கள் தூசிப் புகைக்குள் நின்று பெரிய மண்வாரிகளால் தானியத்தை இழுத்தார்கள். வேலைக்கு ஆள் எடுத்தது சாராயக் கடைகள். கூலி கொடுத்ததும் அங்கேதான். குடித்த கணக்கு போக மீதிதான் வீட்டுக்கு வரும். 1899இல் ஸ்கூப்பர்கள் செய்த வேலைநிறுத்தம் இந்த ஏற்பாட்டை உடைத்தது. உள்ளூர்க் கத்தோலிக்க ஆயர் அவர்கள் பக்கம் நின்றார். கிடங்குகளைப் படம் பிடிக்க இன்று வருபவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்பது வேறு விஷயம்.

மரக் கிடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. தானியத் தூசி காற்றில் கலந்து நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும், வெடிக்கும். காப்பீட்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. எரியாத பொருளில் குதிர் கட்ட வேண்டிய நெருக்கடி அப்படித்தான் வந்தது. 1897இல் கட்டிய கிரேட் நார்தர்ன் எலிவேட்டர் எஃகுக்குப் போனது. உள்ளே எஃகுக் குதிர்கள் தம் சொந்தத் தூண்களில் நிற்கும். வெளியே வெயில் மழைக்காக மட்டும் ஒரு செங்கல் சுவர். அதன் இயந்திரங்கள் நயாகராவிலிருந்து வந்த மின்சாரத்தில் ஓடின. அருவியின் மின்சாரம் பஃபலோவுக்கு வந்து சேர்ந்ததே அதற்கு முந்தைய ஆண்டு, 1896 நவம்பரில்தான்.

எஃகு விலை அதிகம். கான்கிரீட்டில் முடியுமா என்று 1899இல் மினசோட்டாவில் பிராங்க் பீவி என்ற தானிய வணிகரும் சார்லஸ் ஹாக்லின் என்ற கட்டுமானக்காரரும் தனியாக ஒரு தானியக் குதிர் கட்டிச் சோதித்தார்கள். அக்கம்பக்கத்தில் அதற்கு வைத்த பெயர் பீவியின் பைத்தியக்காரத்தனம். கீழே திறக்கும்போது வெடித்துச் சிதறும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1906இல் பஃபலோவின் அமெரிக்கன் எலிவேட்டர் அதே வழியில் எழுந்தது.

அந்தக் கட்டுமான முறை சற்று நின்று பார்க்கத் தக்கது. குதிரின் வட்டத்துக்கு ஏற்றபடி சில அடி உயரம் மட்டுமே உள்ள மர அச்சு. அதில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அடிப்பகுதி இறுகத் தொடங்கியதும் ஜாக்கிகளால் அச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்துவார்கள், மறுபடி ஊற்றுவார்கள். நிறுத்தக் கூடாது. இரவும் பகலும் ஆட்கள் முறை மாற்றிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் ஒட்டுப் போட்டதுபோல் பலவீனம் விழுந்துவிடும். வேலையாட்கள் நிற்கும் மேடையும் அச்சோடு சேர்ந்தே ஏறும். பல குதிர்களை ஒரே நேரத்தில், ஒரே வார்ப்பாக உயர்த்துவார்கள். சாரம் கிடையாது.

வட்டமாகக் கட்டியதற்கும் காரணம் உண்டு. குவிந்த தானியம் கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். சதுரச் சுவர் என்றால் நடுவில் பிதுங்கும். வட்டச் சுவரில் அந்தத் தள்ளல் சுற்றிலும் சமமாகப் பரவி, உள்ளே வளையமாகப் போட்ட கம்பியின் இழுவிசையாக மாறிவிடும். நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நடுவே ஓர் இடைவெளி விழுமே, அதையும் வீணாக்காமல் தானியம் நிரப்பினார்கள். 1915இல் தொடங்கி 1917இல் முடிந்த கான்கிரீட் சென்ட்ரல் இந்த முறையின் உச்சம்: நீளம் கால் மைல், கொள்ளளவு 45 லட்சம் புஷல். கப்பலுக்குள் பட்டையை இறக்கும் கோபுரங்கள் அதன் முன்னே தண்டவாளத்தில் நகர்ந்தன.

இதற்குள் கட்டடக் கலைஞர் யாரும் தலையிடவில்லை; எல்லாம் பொறியாளர்களும் ஒப்பந்தக்காரர்களும் செய்தது. அதுதான் ஐரோப்பியர்களைக் கவர்ந்தது. 1913இல் ஜெர்மனியின் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் வட, தென் அமெரிக்கத் தானியக் கிடங்குகளின் படங்களை வெளியிட்டு, எகிப்தின் பழங்கட்டடங்களுக்கு ஈடாகப் பேசினார். பத்தாண்டு கழித்து இன்னொரு கட்டடக் கலைஞரான லெ கொர்புசியே அந்தப் படங்களைத் தன் நூலில் எடுத்தாண்டார். அலங்காரமற்ற உருளையும் கனசதுரமும்தான் வரப்போகும் கட்டடக்கலை என்பது அவர் வாதம். வாதத்துக்குப் பொருந்தாத இடங்களில் படத்தைத் திருத்தவும் அவர் தயங்கவில்லை. ஒரு தென்னமெரிக்கக் கிடங்கின் படத்தில் மேலே இருந்த முக்கோண முகப்புகளை அழித்துவிட்டே அச்சிட்டார். பின்னாளில் சண்டிகரை வடிவமைத்தவரும் அவரே. சண்டிகரின் பெரிய கான்கிரீட் பரப்புகளுக்குப் பின்னால் கோதுமைக் குதிர்களின் நினைவும் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனை புகழ் கிடைத்தும் வணிகத்தை அது காப்பாற்றவில்லை. வெல்லண்ட் கால்வாயும் 1959இல் திறந்த செயின்ட் லாரன்ஸ் கடல்வழியும் சேர்ந்து, பெரிய கப்பல்கள் அருவியைச் சுற்றிக்கொண்டு நேரே அட்லாண்டிக்குக்குப் போக வழி செய்தன. பஃபலோவில் இறக்கி ஏற்ற வேண்டிய தேவையே போயிற்று. எஃகு ஆலையும் மெல்லச் சாய்ந்தது; தெற்கே லாக்கவானாவில் இருந்த பெத்லஹேம் ஸ்டீல் தன் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக 1982 இறுதியில் அறிவித்தது. 1900இல் நாட்டின் எட்டாவது பெரிய நகரம் இது. 1950இல் 5,80,132 பேர் இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் 2,61,310 பேர்தான்.

மனைக்கு விலை இல்லாத ஊரில் கால் மைல் நீளக் கான்கிரீட்டை யார் காசு கொடுத்து உடைப்பார்கள்? கிடங்குகள் நின்றதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே. பாதுகாப்பு ஆர்வலர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை கட்டடங்களைக் காத்து வைத்தது ஊரின் வறுமைதான்.

கிரேட் நார்தர்ன் இதற்கு எதிர்ச்சாட்சி. அது கான்கிரீட் அல்ல, செங்கல்லும் எஃகும். நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற தகுதி அதற்கு இருந்தது. 2021 டிசம்பர் 11 அன்று அடித்த கடும் காற்றில் அதன் வடக்குச் சுவரில் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. உரிமையாளரான ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் என்ற தானிய நிறுவனம் இடிக்க அனுமதி கேட்டது. நகர நிர்வாகம் அவசர ஆணை கொடுத்தது. அந்தச் சுவர் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை, உள்ளே குதிர்கள் தம் காலில் நிற்கின்றன, சுவரைத் திரும்பக் கட்டினால் போதும் என்று பாதுகாப்பு அமைப்பினர் நீதிமன்றம் போனார்கள். கட்டுமானத்தைப் புரிந்துகொண்ட எவருக்கும் அது நியாயமான வாதமாகவே படும். வழக்கு பல மாதம் இழுத்தது. 2022 செப்டம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். சின்னம் என்ற தகுதி சாதாரண நாளில் இடிப்பைத் தடுக்கும். ஆபத்து என்று ஆணை வந்துவிட்டால் அதற்குப் பல்லில்லை. ஆபத்து வரும்வரை பராமரிக்காமல் விட்டதற்கு என்ன தண்டனை என்ற கேள்விக்குச் சட்டத்தில் வலுவான பதில் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துவது.

ரைட்டின் கட்டடத்துக்கு வருவோம். அதைக் கட்டிய லார்க்கின் ஒரு சோப்பு நிறுவனம். அஞ்சல்வழி விற்பனையில் பெருத்தது; சோப்பு வாங்கினால் மேசை, விளக்கு, பாத்திரம் என்று அன்பளிப்பு வரும். குவியும் கடிதங்களைப் பிரித்துப் பதிவு செய்யப் பெரிய அலுவலகம் வேண்டியிருந்தது. நிர்வாகி டார்வின் மார்ட்டின் இளம் ரைட்டைப் பிடித்தார். மனை ரயில்பாதைகளுக்கும் ஆலைகளுக்கும் நடுவில். ஜன்னலைத் திறந்தால் கரி. ஆகவே ரைட் கட்டடத்தை வெளியே இறுக மூடி, உள்ளே ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்த கூடம் விட்டு, மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சத்தை இறக்கினார். காற்றை வடிகட்டிக் குளிர்வித்து உள்ளே விட்டார். எஃகு மேசை நாற்காலி முதல் எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தே வடிவமைத்தார்.

அஞ்சல்வழி வணிகம் தேய்ந்தது, பெருமந்தம் வந்தது, நிறுவனம் நொடித்தது. வரி பாக்கிக்காக 1945இல் கட்டடம் நகராட்சி கைக்கு வந்தது. விளம்பரம் செய்தும் வாங்க ஆளில்லை. அவ்வளவு துல்லியமாக ஒரே வேலைக்கென்று தைத்த சட்டை வேறு யாருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் வாங்கியவர்கள் லாரி நிலையம் கட்டுவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. வேலிச் சுவரின் ஒற்றைச் செங்கல் தூண் மட்டும் அங்கே மிச்சம். அந்த மனையில் கார் நிறுத்துகிறார்கள்.

இதில் வேடிக்கை, அதே நிறுவனம் பக்கத்தில் கட்டிய பிரம்மாண்டமான சரக்குக் கிடங்கு பிழைத்ததுதான். 1912ஆம் ஆண்டுக் கட்டடம், கலைநயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அகலமான தளம், கனமான தூண், வரிசையாக ஜன்னல். எதற்கும் பொருந்தும் என்பதால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அலுவலகங்களாக மாற்றினார்கள். இப்போது அந்த வட்டாரமே அதைச் சுற்றி மீண்டிருக்கிறது. மார்ட்டினுக்காக ரைட் கட்டிய வீட்டுக்கும் பாதி அந்த அலுவலகத்தின் கதிதான். 1960களில் அதன் நடைபந்தலையும் கண்ணாடித் தோட்ட அறையையும் இடித்துவிட்டார்கள்; பெரும் பணம் செலவழித்து 2007இல் அதே வடிவில் புதிதாகக் கட்டினார்கள். இடித்ததைத் திரும்பக் கட்டுவது சரியா என்று கட்டடக்கலையாளர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். அங்கே போய் நின்றால் சண்டை போடத் தோன்றாது.

லூயி சலிவனும் டாங்க்மார் ஆட்லரும் 1896இல் முடித்த கேரண்டி கட்டடம் மயிரிழையில் தப்பியது. எஃகுச் சட்டகத்தின்மேல் 13 மாடி. வெளிப்புறம் முழுக்கச் சுடுமண் பூவேலை, ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இல்லை. உயரமான கட்டடம் உயரமாகவே தோன்ற வேண்டும் என்ற சலிவனின் எண்ணத்தை இதில் பார்ப்பதுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது. 1974இல் தீப்பிடித்தது, சில ஆண்டுகளில் இடிக்கும் பேச்சு எழுந்தது. ஊர் மக்களோடு செனட்டர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹனும் சேர்ந்து நின்றதால் 1980களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. இப்போது ஒரு வழக்கறிஞர் நிறுவனம் அதன் உரிமையாளர். கிடங்கு வணிகத்துக்கு அப்பால், நகர மையத்தில் வாடகைக்கு ஆள் வரக்கூடிய இடத்தில் இருந்தது அதன் அதிர்ஷ்டம்.

1901இல் நடந்த பான்-அமெரிக்கன் கண்காட்சியின் மண்டபங்கள் வேறு கதை. அவற்றில் பெரும்பாலானவை நிற்பதற்காகக் கட்டப்படவே இல்லை. நயாகரா மின்சாரத்தால் ஜொலித்த அந்த வண்ணமயமான சுண்ணச்சாந்து நகரத்தில்தான் செப்டம்பர் 6 அன்று குடியரசுத் தலைவர் வில்லியம் மெக்கின்லி சுடப்பட்டார். எட்டாம் நாள் இறந்தார். சுட்ட இடம் இன்று சாதாரணக் குடியிருப்புத் தெரு. நடுவில் ஒரு கல்லும் பலகையும். மெக்கின்லிக்குப் பின் தியோடர் ரூசவெல்ட் பதவியேற்ற வில்காக்ஸ் இல்லத்தையும் 1960களில் இடிக்கப் பார்த்தார்கள், கார் நிறுத்தத்துக்காக. நாடாளுமன்றம் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்ததால் தப்பியது.

கட்டடங்களைப் பேசும்போது மறந்துவிடும் ஒன்று ஹம்போல்ட் பார்க்வே. பூங்காக்களை மரங்கள் அடர்ந்த அகன்ற சாலைகளால் இணைக்கும் நகரத் திட்டத்தை பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்துகாட்டியது பஃபலோவில்தான், 1868 முதல். அதில் ஒரு சாலை கறுப்பின மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதி வழியே போனது. 1960களில் அதன் மரங்களை வெட்டி, பள்ளம் தோண்டி, கென்சிங்டன் விரைவுச்சாலையை ஓட்டினார்கள். புறநகரிலிருந்து கார்கள் வேகமாக வர வேண்டுமாம். பின்னாளில் பெரும் செலவில் அதன் ஒரு பகுதிக்கு மூடி போட வகுத்த திட்டம் வழக்குகளில் மாட்டியது. ஒரு கட்டடம் விழுந்தால் ஊர்வலம் போகிறவர்கள், ஒரு தெரு போனபோது அவ்வளவாகக் குரல் கொடுக்கவில்லை.

இன்றைய நிலையை மாற்றியிருப்பது வரிச்சட்டம். பதிவு பெற்ற வரலாற்றுக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால், செலவில் 20 சதவீதத்தைக் கூட்டாட்சி வரியில் கழித்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலமும் தன் பங்குக்குச் சலுகை தருகிறது. கூட்டாட்சிச் சலுகைக்கு முக்கிய நிபந்தனை, அது வருமானம் தரும் கட்டடமாக இருக்க வேண்டும். ஆகவேதான் எங்கு பார்த்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஹோட்டல், அலுவலகம். ஹென்றி ரிச்சர்ட்சன் 1870களில் செம்மணற்கல்லில் எழுப்பிய இரட்டைக் கோபுர மனநல மருத்துவமனையின் மையப்பகுதி 2017இல் ஹோட்டலானது. பெருந்தொற்றில் மூடி, பிறகு வேறு நிர்வாகத்தில் திறந்தது.

சென்ட்ரல் டெர்மினல் ரயில் நிலையத்துக்கு அந்த வழி சுலபமாக இல்லை. 1929 ஜூனில், பங்குச்சந்தை விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், நாளுக்கு 200 ரயில்களைக் கணக்கிட்டு நகர மையத்துக்கு வெளியே கட்டினார்கள். ஊர் அந்தப் பக்கம் வளரும் என்று நினைத்தார்கள், வளரவில்லை. 1979இல் கடைசி ரயில் போனது. 1997இல் ஒரு தன்னார்வ அமைப்பு அதை ஒரு டாலருக்கு வாங்கி, அப்போதிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்துவருகிறது.

கான்கிரீட் குதிர்களோ வரிச்சலுகைக்கே பிடிகொடுக்காதவை. நூறடிக்கு மேல் உயரம், இருபதடி போல விட்டம், ஜன்னல் இல்லை, இடையில் தளம் இல்லை. கதவு வெட்டினால் சுற்றுக் கம்பி அறும். சைலோ சிட்டி என்று இப்போது அழைக்கப்படும் வளாகத்தில் குதிர்களை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள அமெரிக்கன் எலிவேட்டரின் துணைக் கிடங்கைக் குடியிருப்பாக்கினார்கள். எதிரொலி நீளும் குதிர்களுக்குள் கவிதை வாசிப்பும் நாடகமும் நடக்கின்றன. இன்னோர் இடத்தில் ஆறு குதிர்களுக்கு பீர் டப்பா வேஷம் போட்டுக் கேளிக்கை விடுதி நடத்துகிறார்கள். ரசனை பற்றி என்ன சொன்னாலும், அந்தக் குதிர்களுக்குக் கூரை ஒழுகினால் கவனிக்க ஓர் உரிமையாளர் இருக்கிறார். நகரத்தில் பழைய வேலையையே இன்னும் செய்துகொண்டிருக்கும் கிடங்குகளும் உண்டு: ஜெனரல் மில்ஸ் ஆலை தன் குதிர்களில் தானியம் நிரப்புகிறது, காலை உணவு செய்கிறது, காற்று திரும்பும் நாட்களில் வறுத்த ஓட்ஸ் வாசனை நகர மையம் வரை வரும். கான்கிரீட் சென்ட்ரலுக்கு இந்த மூன்றில் எதுவும் அமையவில்லை. அதை இடிப்பதற்கும் பணமில்லை, புதுப்பிப்பதற்கும் பணமில்லை. வண்டி போக நல்ல பாதைகூட இல்லாததால் பெரும்பாலும் ஆற்றில் துடுப்புப் படகு தள்ளி வருபவர்கள்தான் அதை நெருங்கிப் பார்க்கிறார்கள்.